ஏழாம் நம்பர் பெட்டி

தம்பி,

உன்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வீடு வந்து இரண்டு நாளாகிறது. அட்டன் பஸ் நிலையத்தில் பஸ் புறப்பட இருபது நிமிடம் இருந்தது. ஒரு வருடமாக மறைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட அந்த இருபது நிமிடம் தாராளமாகப் போதும். நான் என்ன சொன்னேன்? "முன்னுக்கு உக்காருடா. கினிகத்தேன தாண்டுற வரைக்கும் வளைவுதான், பின்னுக்கு உக்காந்தா வயித்தப் பெரட்டும்" என்றேன். பத்து வருடமாக அந்தப் பாதையில் போய்வருகிறவனுக்கு வாந்தியைப் பற்றிப் புத்தி சொல்லிக்கொண்டு நின்றேன். நீயும் "சரிப்பா" என்று முன் சீட்டில் போய் உட்கார்ந்தாய். பஸ் திரும்பும்போது கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினாய், நானும் காட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வருகிற புதன்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். கத்தாரில் ஒரு கிடங்கில் பெட்டிகளை அடுக்கும் வேலை என்றாய். உழைப்பில் கேவலம் ஒன்றும் இல்லை, நாம் எல்லாரும் முதுகு வளைத்துச் சாப்பிட்டவர்கள்தான். ஆனால் நீ கெம்பஸ் போய்ப் படித்தவன், ஆறு வருடம் கொழும்பில் கம்ப்யூட்டருக்கு ப்ரோகிராம் எழுதியவன். "ஏன் சாமி, படிச்ச வேலைய விட்டுட்டு இப்பிடிப் போற?" என்று அம்மா கேட்டபோது, "இனிமே கம்ப்யூட்டர் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேம்மா. என்னால ஒரு உசுரு போனது போதும்" என்றாய். நான் அப்போது கதவோரம் உட்கார்ந்து உன் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். உன்னால் ஓர் உயிர் போனது என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய், அப்படி நம்ப வைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதன் பிரதி ஒன்றை நம் தேயிலைத் தோட்டத்து டிவிஷன் பெரட்டுக்களத்தில், காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடும் இடத்துச் சுவரில், ஒட்டப் போகிறேன். பொய்யை நான் நாலு பேர் முன்னால்தான் சொன்னேன், ஆகையால் உண்மையையும் நாலு பேர் படிக்கட்டும். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஓரறைக் காம்பராக்கள் வரிசையாய் நிற்கும் கீழ் லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் வெடிப்பு கண்டு, மண் சரியுமோ என்று எல்லாரும் பயந்த வருடம் நீ ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தாய். மேட்டில் மழையை அளக்க ஒரு குவளை, அதிலிருந்து ஒரு வயர், கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், கூரைமேல் ஒரு சங்கு. மழை ஓர் அளவைத் தாண்டினால் சங்கு அலறும், சனம் எல்லாம் கோயில் மண்டபத்துக்கு ஏறிவிட வேண்டும். தோட்டத்து எலக்ட்ரீசியன் என்பதால் வயர் இழுத்தது நான். மூளை உன்னுடையது. முதன்முதலாகச் சங்கை அடித்துப் பார்த்த அன்று உன் சரோசா அத்தை, என் கூடப்பிறந்தவள், காதைப் பொத்திக்கொண்டு, "ஏன்டா மருமகனே, செத்தவனும் எந்திரிச்சு ஓடிருவான்டா" என்றாள். எனக்கு அன்று இருந்த பெருமைக்கு நெஞ்சுச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல இருந்தது. "என் மகன் செஞ்சது" என்று தோட்டத்து மேனேஜர் துரையின் டிரைவரிடம்கூடப் போய்ச் சொன்னேன்.

அந்தக் கம்ப்யூட்டர், ஆபீஸ் கழித்துப் போட்ட பழைய மேசைக் கம்ப்யூட்டர். கழித்துப் போட்டது என்றாலும் ஆபீஸ் சொத்து. பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் 7 என்று எழுதி, பெரிய கிளாக்கர் என்னிடம் கையெழுத்து வாங்கினார். "ஏழாம் நம்பர் பெட்டி ஒங்க பொறுப்பு. ஒரு ஆணிய மாத்துறதுன்னாலும் எழுதித் தரணும். எழுதாம மாத்தினீங்கன்னா பெட்டிய எடுத்துருவேன், பாத்துக்கங்க" என்றார். எழுதிக் கொடுத்தால் அது எங்கெங்கோ போய்த் திரும்பி வர எத்தனை காலம் ஆகும் என்பதைக் கூரைத் தகரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒழுகும் காம்பராவில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஒருநாள் மின்னல் தாக்கிப் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் கருகிப்போனது. நான் மூச்சு விடவில்லை. அக்கரப்பத்தனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்போது கம்ப்யூட்டர் படிப்பித்த யாழ்ப்பாணத்து சாரிடம் போய் நின்றேன். அவர் உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் பலகையை எடுத்துத் தந்தார். அதுவும் முழுக் கம்ப்யூட்டர்தானாம். நீ பென் டிரைவில் விட்டுப்போயிருந்த ப்ரோகிராமின் எழுத்தை அந்தப் பலகையிலேயே போட்டு, அந்த மெஷினுக்குப் புரியும்படி மாற்றி, நீங்கள் சொல்லும் 'பில்ட்' செய்து, ஓடவும் வைத்தார். பலகையைப் பழைய பெட்டிக்குள் வைத்துத் திருகி மூடினேன். வெளியே அதே 7. சார் கிளம்பும்போது சொன்னார்: "மகனிட்ட மறக்காமச் சொல்லுங்கோ ஐயா. இது ஃபோன்ல இருக்கிற மாதிரி ஆர்ம் ப்ராசஸர். அவர் பழைய மெஷினுக்கெண்டு பில்ட் பண்ணி அனுப்பினா இதில ஓடாது." நான் "சொல்லிர்றேன் சார்" என்றேன்.

சொல்லவில்லை. ஏன் என்று நீ கேட்பாய், கேட்க வேண்டும். மாதா மாதம் நீ ஆபீசுக்கு ஓர் அறிக்கை அனுப்புவாய், எந்த மெஷின், என்ன வகை என்று ஒன்று விடாமல் எழுதுவாய். உனக்குத் தெரிந்தால் அது கிளாக்கருக்கும் தெரியும், பெட்டி போய்விடும் என்று பயந்தேன். இன்னொன்று, பழக்கதோஷம். நாம் இருக்கும் காம்பரா இன்றைக்கும் ஆபீஸ் புத்தகத்தில் என் தாத்தாவின் பேரில்தான் இருக்கிறது. அவர் செத்ததைச் சொன்னால் காம்பரா கைவிட்டுப் போய்விடுமோ என்று என் அப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. செத்தவர் பேரில் குடியிருந்தே பழகிப்போன நமக்கு, பழைய நம்பருக்குள் வேறு மெஷினை வைப்பது பொய்யாகவே தெரிவதில்லை. சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு இது தெரியாத பாடம் இல்லை. நீ பிறந்த வருடம் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டில் ஒரு ஃபேன் மோட்டாரை எரித்தேன். மோட்டாரின் தகட்டில் எழுதியிருந்தபடிதான் கரண்ட் கொடுத்தேன். பிறகு பார்த்தால், எனக்கு முன்னால் இருந்த எலக்ட்ரீசியன் மோட்டாரை மாற்றிவிட்டு, ஆபீஸ் கேள்வி கேட்கும் என்று பழைய மோட்டாரின் தகட்டைக் கழற்றிப் புதியதில் அடித்து வைத்திருக்கிறார். என்னை ஒரு வாரம் வேலைக்கு வராதே என்றார்கள். அந்த மனிதரை நான் திட்டாத திட்டு இல்லை. "தகட்ட மாத்தி அடிக்கிறவன் மனுசனா?" என்று பச்சைப் பிள்ளையான உன்னை மடியில் வைத்துக்கொண்டே கத்தினேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அதே வேலையைத்தான் நான் பிள்ளைக் காம்பராவில் செய்தேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் நீ ப்ரோகிராமைத் திருத்தினாய். அன்றன்றைய மழையை மட்டும் பார்க்காமல் முந்திய மூன்று நாள் மழையையும் சேர்த்துப் பார்த்தால் சங்கு இன்னும் முன்கூட்டியே அடிக்கும் என்றாய். அனுப்புவதற்கு முன் போன் எடுத்துக் கேட்டாய். "அப்பா, பெட்டி பழைய பெட்டிதானே? உள்ளுக்கு ஒண்ணும் மாத்தலையே?" "அதே ஏழாம் நம்பர்தான்டா. எவன் மாத்தப் போறான்?" என்றேன். சிரிக்கவும் செய்தேன். நீ உன் லேப்டாப்பில் அந்தப் பழைய மேசைக் கம்ப்யூட்டருக்கென்று பில்ட் செய்து, பேக்கேஜாகக் கட்டி அனுப்பினாய். நான் நீ சொல்லித் தந்த வரியைத் தட்டினேன். பிழை என்று சிவப்பு எழுத்து ஒன்றும் வரவில்லை. "ஏறிருச்சு" என்றேன். "சங்க ஒருக்கா அடிச்சுப் பாத்துருங்கப்பா" என்றாய். முந்திய தடவை அடித்துப் பார்த்தபோது மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் பதறி ஓடிவந்து, அரை நேர வேலை கெட்டு, துரை சத்தம் போட்டிருந்தார். அதற்குப் பிறகு சங்கை அடித்துப் பார்க்கவும் ஆபீசில் எழுதித் தர வேண்டும். அந்தப் பெட்டியைப் பற்றி எதையும் எழுதித் தர எனக்குப் பயம். "பாத்துக்கிறேன்டா" என்றேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கரண்ட் வருகிறதா என்று பார்க்க நானே போட்ட விளக்கு அது. அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக வேலைக்குப் போனேன்.

ஆறாம் நாள் காலையில் நல்ல மழை. நான் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் உன் அத்தை கீழ் லயத்து வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். காய்ச்சல் என்று அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் மகள் மல்லிகா பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். "அண்ணே, பின்னுக்கு ஊத்துத் தண்ணி கலங்கி வருது. நான் கோயிலுக்கு ஏறிறவா?" என்று கேட்டாள். சங்கு வருவதற்கு முன்னெல்லாம் தண்ணீர் கலங்கினால் நம் சனம் யாரையும் கேட்காது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மழையில நனைஞ்சு காச்சலக் கூட்டிக்காத புள்ள. ஒன் மருமகன் செஞ்ச சங்கு இருக்கு, அடிச்சா ஏறு. இப்பப் போய்ப் படு" என்றேன். அவள் உள்ளே போனாள். பத்து மணி வாக்கில் மேடு இறங்கியது. லயத்தின் கடைசி இரண்டு காம்பராவும் மண்ணுக்குள். பக்கத்துக் காம்பராவில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள், உள்ளே இருந்தது அவள் ஒருத்திதான். சங்கு அடிக்கவே இல்லை. வாசலில் நடந்த இந்தப் பேச்சை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மறுநாள் நீ வந்தாய். அத்தையைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் போய்விட்டு நேரே பிள்ளைக் காம்பராவுக்கு வந்து பெட்டியைத் திறந்தாய். கிளாக்கர், மல்லிகா, உன் அம்மா, லயத்து ஆட்கள் பத்துப் பேர், எல்லாரும் சுற்றி நின்றார்கள். உள்ளே இருந்த பலகையைப் பார்த்தாய். லேப்டாப்பை இணைத்தாய். இந்த ஃபைல் வேறு வகை மெஷினுக்கானது, என்னால் ஓட்ட முடியாது என்று அந்தப் பலகை ஆறு நாளாகத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். சண்டைக்கு வரும் பார்வை இல்லை அது, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய். "அப்பா, இது மாறுனத எனக்குச் சொன்னீங்களா?" அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "சொன்னேனே தம்பி. போன்ல சொன்னேனே."

நான் சொல்லாத ஒன்றை உன் ஞாபகத்தில் தேடிக்கொண்டு நின்றாய், அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "சொல்லிருப்பீங்க. நான்தான் காதுல வாங்கல" என்றாய். அதோடும் விடவில்லை. பேக்கேஜின் மேல் எந்த வகை மெஷினுக்கானது என்று எழுத ஓர் இடம் இருக்கிறதாம், அதில் 'எந்த மெஷினுக்கும்' என்று போட்டுவிட்டதாக நீயே எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய். சரியான வகையைப் போட்டிருந்தால் பலகை அந்த பேக்கேஜை உள்ளேயே விட்டிருக்காது, பழைய ப்ரோகிராம் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்றாய். "ஒரே ஒரு மெஷின்தானேன்னு அலட்சியமாப் போட்டேன். நான்தான் அத்தையக் கொன்னேன்" என்று மல்லிகாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? கழற்றிய வயர்களைச் சுற்றிச் சுற்றி ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தேன்.

உன் பங்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை, தம்பி. அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய். ஓடாத மெஷினிலும் ஓடும் என்று எழுதி ஒட்டினாய், அதுவும் தகட்டை மாற்றி அடிப்பதுதான். எந்த மெஷினுக்குக் கட்டுகிறாயோ அதையே மேலே எழுது. அது போய்ச் சேரும் மெஷினில் ஓட்டிப் பார்க்காமல் "ஏறிருச்சு" என்று எவன் சொன்னாலும் நம்பாதே, பெற்ற அப்பன் சொன்னாலும் நம்பாதே. இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை. ஆனால் நீ கேட்க வேண்டியதைக் கேட்டாய், ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாய். கேட்டவனிடம் நான் பொய் சொன்னேன். உன் பங்கை மட்டும் நீ தூக்கு. என்னுடையதையும் சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போகாதே.

இங்கே நிலைமை என்னவென்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கு ஒரு வருடமாக ஊமை. மேட்டில் இன்னொரு வெடிப்பு, இந்தத் தடவை நம் லயத்துக்கு நேர் மேலே. யாழ்ப்பாணத்து சார் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் ஒரு கொப்பித் தாளில் எழுதித் தந்த வரிகளை வைத்துக்கொண்டு நானே உன் ப்ரோகிராமை அந்தப் பலகைக்கு பில்ட் செய்து பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. ஏதோ ஒன்றைக் காணவில்லை என்கிறது. யார் யாரையோ கேட்டு அதைக் கொண்டுவந்து போட்டால், வேறு ஒன்றைக் காணவில்லை என்கிறது. மோட்டார் என்றால் கழற்றிப் பரப்பி வைத்துப் பார்ப்பேன், இதில் எதைக் கழற்றுவது? மழை பிடித்தால் இப்போது ஓர் ஆள் குடையோடு மேட்டடியில் நின்று தண்ணீர் கலங்குகிறதா என்று பார்க்கிறார், கையில் ஒரு விசில். நீ வந்திருந்த இரண்டு நாளும் அந்தப் பெட்டிப் பக்கம் போகவில்லை. ஒருக்கா பார்த்துவிட்டுப் போடா என்று நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நேற்று ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழாம் நம்பர் பெட்டிக்குள் இருப்பது ஏழாம் நம்பர் மெஷின் இல்லை, மாற்றியது நான், மகனுக்குத் தெரியாது என்று எழுதினேன். கிளாக்கர் இரண்டு தடவை படித்தார். "இத நான் வாங்கிக்கிட்டா பெட்டிய எடுக்கணும். தெரியும்ல?" என்றார். "தெரியுங்க ஐயா." "பெறகு ஏன் இப்பக் கொண்டாந்து குடுக்குறீங்க?" எடுத்தால் எடுங்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அந்தச் சங்கு இன்னொரு தடவை அடிக்கும் என்கிற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. அவர் மேசை லாச்சியை இழுத்துத் தாளை உள்ளே போட்டார். எடுப்பாரா, விடுவாரா என்று தெரியாது.

அங்கிருந்து நேரே மல்லிகாவிடம் போனேன். பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அன்று காலை அவள் அம்மா வாசலில் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சேர்த்து. அவள் கரண்டியை நிறுத்தவில்லை. கடைசிப் பிள்ளைக்கும் பாலைக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டுத்தான் திரும்பினாள். கத்துவாள், காறித் துப்புவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். "மச்சானுக்குத் தெரியுமா மாமா?" என்றாள். "இல்ல புள்ள. இனிமேத்தான் எழுதணும்" என்றேன். "ஒரு வருசமா அது என் மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்கல. இந்தத் தடவ வந்தப்பவும் என்னையக் கண்டுட்டு மேல் ரோட்டால சுத்திப் போச்சு. வெளிநாட்டுக்குப் போற பவுசுன்னு நெனச்சேன் மாமா" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.

இந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நான் அனுப்புவதை நீ திறந்து பார்ப்பதில்லை என்று தெரியும், அதனால் அசலை உன் கொழும்பு அறை விலாசத்துக்குத் தபாலிலும் போடுகிறேன். புதன்கிழமைக்குள் வந்து சேருமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். வந்து சேர்ந்தால் எனக்குப் போன் எடு என்று கேட்க மாட்டேன். போகாதே என்றும் சொல்ல மாட்டேன். விமானம் ஏறும் முன் மல்லிகாவுக்கு மட்டும் போனில் ஒரு கோல் எடு. அவள் முகத்தை நீ பார்க்கலாம், தம்பி. மேல் ரோட்டால் சுற்றிப் போயிருக்க வேண்டியவன் நான். நான்தான் இந்த ஒரு வருடமும் வாரா வாரம் அவள் இப்போது இருக்கும் காம்பராவில் போய் உட்கார்ந்து, அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்க புள்ள, அவன் வேணும்னு செய்யல" என்று உனக்காகப் பரிந்து பேசிவிட்டு வந்தேன்.

அப்பா